மக்கட்பேறும் மார்க்கத்தின் எல்லையும்

தலை நரைத்த வயதில், தாழ்ந்த குரலில், தமக்கு ஒரு வாரிசைத் தருமாறு இறைவனிடம் கையேந்தியவர் நபி ஜக்கரிய்யா (அலை) அவர்கள். அந்த இறைஞ்சுதலைத் திருமறை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நினைவூட்டுகிறது. சிலருக்குப் பெண்மக்களையும், சிலருக்கு ஆண்மக்களையும், சிலருக்கு இருபாலாரையும் வழங்கும் அல்லாஹ், தான் நாடிய சிலரைப் பிள்ளையற்றோராகவும் ஆக்குகிறான் என்னும் கருத்து அஷ்ஷூரா அத்தியாயத்தின் இறுதிப் பகுதியில் வருகிறது. பிள்ளையின்மையை இழிவென்று திருமறை எங்கும் சொல்லவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு மகவையும் ஈன்றவர் அல்லர். ஆயினும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அன்னையாரின் தமக்கை மகனான அப்துல்லாஹ்வின் பெயரைக் கொண்டு 'உம்மு அப்துல்லாஹ்' என்று அவரைச் சிறப்பித்தார்கள்.

இத்தகைய வரலாற்றை உடைய சமுதாயத்தில்தான், ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் வரை, நிக்காஹ் முடிந்து ஈராண்டு கழிவதற்குள் மருமகளை நோக்கி 'மலடி' என்னும் சொல் வீசப்படுகிறது. 'மலடன்' என்றொரு சொல்லும் அகராதியில் இருக்கிறது. அது தெருவில் ஒலிப்பது அரிது. கணவர் ஒருமுறையேனும் மருத்துவரைக் காணும் முன்பே இரண்டாம் நிக்காஹ் பற்றிய பேச்சு எழுந்துவிடும் இல்லங்களும் உள்ளன. மருத்துவ நூல்கள் கூறுவதோ வேறு. பிள்ளைப்பேறு தடைப்படும் தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடத்தில், தனித்தோ மனைவியின் குறையோடு சேர்ந்தோ, கணவரின் குறையும் காரணமாக இருக்கிறது. கொதிகலன் அருகே நாள்தோறும் வெப்பத்தில் நிற்பதும், ஈயம் கலந்த தூசியைச் சுவாசிப்பதும், புகைபிடிப்பதும் விந்தணுக்களைக் குறைக்கக் கூடியவை. ஆலைத் தொழிலாளர் நிறைந்த நம் பகுதி இதனை மறத்தலாகாது. விந்தணுப் பரிசோதனை எளியது, செலவு குறைந்தது. அதனை முதலில் செய்துகொள்வது ஆண்மைக்கு இழுக்கு என்று கருதுவது அறியாமையே ஆகும்.

நோய்க்கு மருந்து தேடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி நம்மில் பலர் அறிந்ததே. மருந்தில்லாத நோயை இறைவன் படைக்கவில்லை என்று கூறிய அண்ணலார், அதிலிருந்து ஒன்றை மட்டும் விலக்கினார்கள். அது முதுமை. இந்த விலக்கைப் பிள்ளைப்பேற்றுக்காகக் காத்திருப்போர் ஊன்றிச் சிந்தித்தல் வேண்டும்.

ஏனெனில், உடலின் பிற உறுப்புகளுக்கு முன்னதாகவே முதுமை எய்துவது சினைப்பை. பெண்மகவு பிறக்கும்போதே தன் வாழ்நாளுக்குரிய கருமுட்டைகளைச் சினைப்பையில் சுமந்தே பிறக்கிறது. அப்போது அவை பத்து முதல் இருபது இலட்சம் வரை இருக்கும். பூப்பெய்தும் வயதில் மூன்று நான்கு இலட்சமே எஞ்சும். அவற்றுள்ளும் முதிர்ந்து வெளிவருவன ஏறத்தாழ 400 அல்லது 500 மட்டுமே. மற்றவை தாமாகவே கரைந்து மறைகின்றன. முப்பத்திரண்டு வயதளவில் கருத்தரிக்கும் வாய்ப்பு மெல்லக் குறையத் தொடங்கி, முப்பத்தேழுக்குப் பின் விரைந்து சரிகிறது. எண்ணிக்கை மட்டுமன்று, எஞ்சிய முட்டைகளின் தரமும் தாழ்கிறது. இதனைத் திருப்பும் மருந்து இன்றளவும் இல்லை. அன்னை சாரா (அலை) அவர்களுக்கு முதுமையில் மகப்பேறு கிட்டியதை எடுத்துக்காட்டி, 'அவசரம் என்ன?' என்று கேட்போர் உண்டு. அந்த நற்செய்தியைச் செவியுற்றபோது அன்னையாரே வியந்தார்கள் என்பதையும் திருமறை சொல்கிறது. அற்புதம் இறைவனுக்குரியது, அதனை நாட்குறிப்பாகக் கொள்வது நமக்குரியதன்று.

தண்டையார்பேட்டை வட்டாரத்தில் அடங்கியிருக்கும் குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் தர்காவில் நின்று துஆ கேட்கும் தாய்மாரை யாரும் குறைகூற வேண்டுவதில்லை. துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஆனால் ஒரு தர்காவிலிருந்து மற்றொன்றுக்கு, ஒரு தாயத்திலிருந்து மற்றொன்றுக்கு என்று ஆறேழு ஆண்டுகள் ஓடிய பின்பு மருத்துவமனைப் படியேறும்போது, இழந்த ஆண்டுகளை எவராலும் மீட்டுத்தர இயலாது.

எப்போது செல்ல வேண்டும்? தடையற்ற இல்லறம் ஓராண்டு நடந்தும் கருத்தரிக்கவில்லையெனில். மனைவிக்கு முப்பத்தைந்து கடந்துவிட்டால் ஆறே திங்களில். துறைமுகப் பகுதியான இங்கே இந்தக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. கப்பலில் பணியாற்றுவோரும் வளைகுடா நாடுகளில் பிழைப்போரும், 'மணமாகி ஐந்தாண்டு ஆயிற்று' என்பர். கூட்டிப் பார்த்தால் கணவனும் மனைவியும் ஒன்றாக வாழ்ந்தது பத்துப் பதினொரு திங்களே இருக்கும். அவ்வாறாயின் அங்கே நோய் இல்லாமலும் இருக்கலாம். எனினும் சினைப்பை, கணவர் விடுமுறையில் வந்த நாட்களை மட்டும் எண்ணி மூப்படைவதில்லை. ஆகவே இத்தகைய தம்பதியர் மற்றவரினும் முன்னதாகவே பரிசோதித்துக்கொள்வது நன்று.

இளம்பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுவது 'சினைப்பை நீர்க்கட்டி' எனப்படும் குறை. 1935-இல் சிகாகோவைச் சேர்ந்த ஸ்டீன், லெவந்தால் என்னும் இரு மருத்துவர்கள் இதனை விரிவாக எழுதினர். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டா. அவை உண்மையில் கட்டிகள் அல்ல. முதிராமல் பாதியில் நின்றுவிட்ட கருமுட்டைப் பைகளே. இதன் முதல் அடையாளம் மாதவிலக்கு ஒழுங்காக வாராமை. நம் பெண்டிர் தொழுகைக்காகவும் நோன்புக்காகவும் ஹைளு நாட்களைக் கணக்கிட்டு வைப்பவர்கள். மருத்துவர் கேட்கும் முதற்கேள்விக்கு விடை அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. 'ரமலானில் ஒரு நோன்பும் விடுபடவில்லை' என்று மகள் மகிழ்ந்து கூறும்போது, அதற்கு முந்தைய மாதங்களிலும் விலக்கு வரவில்லையா என்று தாய் கேட்டறிதல் நலம். உடல் எடை மிகுந்தோர் அதில் நூற்றுக்கு ஐந்து, பத்துப் பங்கு குறைத்தாலே பலருக்குச் சுழற்சி சீரடைகிறது. மருந்துகளும் உள்ளன. 750 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2014-இல் வெளிவந்த ஆய்வில், பழைய குளோமிஃபீன் மருந்தால் நூற்றுக்கு 19 பேர் குழந்தை பெற, லெட்ரோசோல் மருந்தால் 27 பேருக்கு மேல் பெற்றனர். இவையெல்லாம் மாத்திரைகள், இவற்றில் மார்க்கத் தடை ஏதும் எழுவதில்லை. காசநோய் கருக்குழாயை அடைத்துவிடுவதும் நம் நாட்டில் அரிதன்று. அதனையும் மருத்துவர் கண்டறிவார். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு இணைந்து ராயபுரத்தில் விளங்கும் ராஜா சர் ராமசாமி முதலியார் மகப்பேறு மருத்துவமனை, இப்பகுதி மக்கள் நன்கறிந்த அரசு நிலையம். முதற்பரிசோதனைக்குத் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை.

மாத்திரையால் ஆகாதவற்றுக்கே சோதனைக்குழாய் முறை. 1978-ஆம் ஆண்டு ஜூலை 25-இல் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் முதற்குழந்தை பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 3-இல் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் இரண்டாவது குழந்தையை உலகுக்குத் தந்தார். சினைப்பையை ஹார்மோன் ஊசியால் தூண்டிப் பல முட்டைகள் பெறுவதும், கருவை உறைநிலையில் காப்பதும் அவர் கையாண்டவை. மேற்கு வங்க அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. 1981-இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1986-இல் பம்பாயில் பிறந்த குழந்தையே நாட்டின் முதலாவது என்று எண்ணப்பட்டிருந்தது. அப்பணியில் பங்குகொண்ட விஞ்ஞானி டி.சி. ஆனந்தகுமார், 1997-இல் முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்துவிட்டு, பெருமை அவருக்கே உரியது என்று எழுதினார். தமக்கு வந்த புகழை இறந்தவருக்கு மீட்டளித்த அந்நேர்மை போற்றற்குரியது. சென்னையில் 1990-இல் டாக்டர் கமலா செல்வராஜ் இம்முறையில் வெற்றி கண்டார். இப்போது எழும்பூர் அரசு மகப்பேறு நிலையத்திலேயே கருத்தரிப்பு மையம் இயங்குகிறது.

இப்புதிய முறையைப் பற்றி உலமாக்கள் வாளாவிருக்கவில்லை. எகிப்தின் தலைமை முஃப்தி ஷேக் ஜாதுல் ஹக் அவர்கள் 1980 மார்ச்சிலேயே ஃபத்வா வழங்கினார்கள். 1986 அக்டோபரில் அம்மானில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, ஏழு முறைகளை எடுத்தாய்ந்து ஐந்தை விலக்கி, இரண்டை மட்டும் தேவை கருதி அனுமதித்தது. அனுமதிக்கப்பட்டவை இரண்டிலும் விந்து கணவனுடையது, முட்டை மனைவியுடையது, கருப்பை அதே மனைவியுடையது. நிக்காஹ் நிலைத்திருத்தல் வேண்டும். மூன்றாமவர் எவ்வகையிலும் நுழையலாகாது. ஒருவனின் மற்றொரு மனைவியின் கருப்பையில் வைப்பதை மக்காவின் ஃபிக்ஹு மன்றம் 1984-இல் ஏற்று, மறு ஆண்டே அத்தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. எத்துணைப் பொறுப்போடு ஆராய்ந்தார்கள் என்பதற்கு இது சான்று. ஈரானிய ஷீஆ அறிஞர்கள் சிலர் பின்னாளில் வேறு முடிவு கண்டனர். ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளைப் பின்பற்றும் தமிழக முஸ்லிம்களின் உலமாக்கள் மேற்கூறிய எல்லையையே வலியுறுத்துகின்றனர். நஸப் என்னும் வமிசத் தூய்மையும், யார் யாருக்கு மஹ்ரம் என்னும் தெளிவும் இதன் அடிப்படை.

காலதாமதத்தின் உண்மையான விலை இங்கேதான் வெளிப்படுகிறது. முப்பது வயதில் வரும் பெண்ணுக்கு அவளுடைய முட்டையே போதும். ஆகுமான வழி திறந்திருக்கிறது. நாற்பத்து நான்கில் வருபவளுக்குத் தன் முட்டையால் பிள்ளை பெறுவது மிக அரிது. அப்போது பல மையங்கள் 'தானமாகப் பெற்ற முட்டை' என்று பேசத் தொடங்கும். 2021-ஆம் ஆண்டுச் சட்டம் மனைவிக்கு ஐம்பது வயது வரை சிகிச்சையை அனுமதிக்கிறது, தானமுட்டையையும் அனுமதிக்கிறது. தருபவள் 23 முதல் 35 வயதுக்குட்பட்டவளாய், வாழ்நாளில் ஒரே முறை தருதல் வேண்டும் என்றும் அது வரையறுக்கிறது. இச்சட்டம் வந்த பின்பும், 2022-இல் ஈரோட்டில் பதினாறு வயதுச் சிறுமியொருத்தியின் முட்டைகள், ஆதார் அட்டையில் வயதைத் திருத்திப் பலமுறை விற்கப்பட்ட கொடுமை வெளிப்பட்டது. விற்றவர்களுள் பெற்ற தாயும் ஒருத்தி. 'தானம்' என்னும் அழகிய சொல்லுக்குப் பின்னால் எந்த ஏழையின் உடல் கிடக்கிறது என்பதை வாங்குவோர் அறியார்.

ஆதலின் மையத்தில் கையொப்பமிடும் முன் தாள்களைப் படித்தறிதல் கடமை. முட்டையும் விந்தும் தம்முடையவையாக மட்டுமே இருத்தல் வேண்டும், அவை போதாதெனில் சிகிச்சையை நிறுத்திவிடுக என்று தம்பதியர் எழுதிக் கொடுக்கலாம். தமிழில் விளக்கிச் சொல்லுமாறு கேட்பதற்கு வெட்கம் வேண்டா. உம்மு சுலைம் (ரலி) அவர்கள் பெண்மை குறித்த அந்தரங்கமான ஐயத்தை நபிகளாரிடமே நேரில் வினவினார்கள். நாணம் தங்களை மார்க்கக் கல்வியினின்று தடுக்க விடாத அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) பாராட்டினார்கள்.

கடலோடும் கணவர்களுக்கு இன்னொரு குறிப்பு. பயணத்தின் முன் விந்தை உறையவைத்துச் செல்லும் வசதி இப்போது உண்டு. திருமணம் உயிரோடிருக்கும் வரை, கலப்புக்கு இடமில்லாத பாதுகாப்போடு, அதற்கு இடமளிக்கும் அறிஞர்கள் உளர். கணவர் இறந்தாலோ தலாக் நிகழ்ந்தாலோ அந்த இசைவு முடிந்துவிடுகிறது. உறையவைக்கும்போதே, இருவரில் ஒருவர் இறந்தால் என்ன செய்வது என்று எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும் என்பது சட்டம். கருவைப் பத்தாண்டுக்கு மேல் வைத்திருக்கவும் அது இடந்தரவில்லை. அந்தக் கட்டத்தில் 'அழித்துவிடுக' என்று எழுதுவதா என்பதைத் தம் மஹல்லாவின் ஆலிம் ஒருவரிடம், தாளையும் காட்டி, கப்பல் புறப்படும் முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளலாம்.