ஐந்தாண்டு விஞ்ஞானப் படிப்பில் ஓராண்டு தவறினால்

ஆண்டுத் தேர்வு முறை வழங்கிய காலத்தில் 'தவறிவிட்டான்' என்னும் சொல்லுக்குப் பொருள் ஒன்றே இருந்தது. மாணவன் அதே வகுப்பில் மீண்டும் ஓராண்டு அமர வேண்டும் என்பதே அது. மேல்நிலைப் பள்ளியை முடித்தவுடன் சேர்ந்து, ஐந்தாண்டு பயின்று முதுநிலைப் பட்டத்துடன் வெளிவரும் ஒருங்கிணைந்த விஞ்ஞானப் படிப்புகளில் இச்சொல்லை அவ்வாறே வழங்க இயலாது. இங்குக் கணக்கிடப்படுவன பாடங்களும் அவற்றுக்குரிய கிரெடிட்டுகளுமேயாம். பொதுவாக, தவறிய பாடத்தை மட்டும் மீண்டும் பயின்றால் போதும். தேறிய பாடங்கள் தேறியவையே. இதனை அறியாமல், பட்டமே கைநழுவிற்று என்றெண்ணி ஊர் திரும்புவோர் உளர். ஒரு பாடந்தானே என்று வாளாவிருந்து, பின்னர் ஓராண்டையே இழப்போரும் உளர்.

இவ்வகைப் படிப்புகளுள் பலரும் அறிந்தது இந்திய விஞ்ஞானக் கல்வி ஆராய்ச்சி நிலையங்களின் இரட்டைப் பட்டப் படிப்பாகும். 2006-இல் புனேயிலும் கொல்கத்தாவிலும் தொடங்கிய இந்நிலையங்கள் பின்னர் மொகாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்காம்பூர் ஆகிய இடங்களிலும் தோன்றின. புவனேசுவரத்திலுள்ள தேசிய விஞ்ஞானக் கல்வி ஆராய்ச்சி நிலையத்திலும், சில மத்தியப் பல்கலைக் கழகங்களிலும் ஐந்தாண்டு முதுநிலைப் படிப்பு உண்டு. மேற்கூறிய ஆராய்ச்சி நிலையங்களில், மாணவர் பின்னர் எத்துறையை மேற்கொள்வதாயினும், தொடக்கப் பருவங்களில் கணிதம், பௌதிகம், ரசாயனம், உயிரியல் ஆகிய நான்கையும் கற்கின்றனர். இடர்ப்பாடும் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றது. பள்ளியில் கணிதத்தை விடுத்து உயிரியல் பயின்ற மாணவி, முதற் பருவத்திலேயே நுண்கணிதத்தை எதிர்கொள்கிறாள். தாய்மொழி வழியே கற்றவளாயின் சுமை இரு மடங்கு. உயிரியல் கற்க வந்தவளுக்கு நுண்கணிதம் எதற்கு என்று வீட்டார் வினவுவதுண்டு; இன்றைய மரபியலும் சூழலியலும் கணிதமின்றி ஓரடியும் நகரா என்பதே அதற்கு விடை.

ஒரு பாடம் தவறினால் ஓராண்டு போவது எவ்வாறு? கல்வியாண்டு பொதுவாக ஆகஸ்டுப் பருவம், ஜனவரிப் பருவம் என இரண்டாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒரு பருவத்துக்குரிய பாடம் பெரும்பாலும் அடுத்த ஆண்டு அதே பருவத்தில்தான் மீண்டும் நடத்தப்படும். டிசம்பரில் தவறியவர் ஜனவரியில் அதனைப் பயில இயலாது. ஆகஸ்டு வரை காத்திருக்க வேண்டும். அப்பாடம் பிறிதொன்றுக்கு அடிப்படையாயின் அதுவும் தள்ளிப்போகும். பௌதிகத்தில் இச்சங்கிலி நீளமானது. முதலாண்டுக் கணிதம் நின்றால் இரண்டாம் ஆண்டு இயக்கவியல் தடைப்படும்; அது நின்றால் குவாண்டம் இயக்கவியல் தடைப்படும். முடிவில் ஐந்தாம் ஆண்டு ஆய்வேடும் பின்வாங்கும். சங்கிலியில் சேராத பாடமாயின் அடுத்த ஆண்டுப் பாடங்களுடனேயே அதையும் முடித்து, ஐந்தாண்டிலேயே பட்டம் பெறுதல் கூடும். ஆகவே எத்தனை பாடங்கள் தவறின என்பதினும் எந்தப் பாடம் தவறியது என்பதே பெரிது.

உதவித் தொகையின் கணக்கு வேறு. 2008-இல் தொடங்கப்பட்ட இன்ஸ்பயர் திட்டம், அடிப்படை விஞ்ஞானம் பயிலும் மாணவருக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் என வகுத்தது. அது தொடர்ந்து கிடைக்க, பத்துப் புள்ளி அளவில் சராசரி 6.0 தேவை என்றும் விதித்தது. ஆண்டுக்கு 40 கிரெடிட் பயிலும் ஒருவர், 8 கிரெடிட்டில் தவறி, எஞ்சிய 32-இல் 7 புள்ளி வீதம் பெற்றார் எனக் கொள்வோம். தவறிய பாடத்துக்குப் புள்ளி சுழியமாதலால், 224-ஐ 40-ஆல் வகுக்க 5.6 வரும். மறு ஆண்டு அப்பாடங்களில் 6 புள்ளி பெற்று, அது பழைய புள்ளிக்கு மாற்றாகக் கொள்ளப்பட்டால் சராசரி 6.8 ஆகும். ஆனால் உதவித் தொகையைக் கணக்கிடும் நாளில் நிற்பது 5.6-தான். எல்லாப் பாடங்களிலும் தேறியும், புள்ளிகள் குறைந்தமையால் இவ்வுதவியை இழப்பாரும் உண்டு.

கால வரம்பு பற்றிய அச்சம் சற்று மிகையானது. பல்கலைக் கழக மானியக் குழு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், வகுத்த காலத்துக்கு மேல் இரண்டாண்டுகள் அளிக்கலாம் என்றன. ஆராய்ச்சி நிலையங்கள் தத்தம் செனட் இயற்றிய விதிகளின்படி நடப்பன. அவ்விதிகளையே பார்த்தல் வேண்டும். வங்கிக் கடன் பெற்றவர், படிப்பு நீள்வதை வங்கிக்கு எழுத்து மூலம் அறிவித்தல் அவசியம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் இதற்கு இரண்டாண்டு வரை இடமளிக்கின்றது. அறிவிக்காவிடில், மாணவர் வகுப்பில் இருக்கையிலேயே தவணை கேட்டுக் கடிதம் வரும்.

இடையில் விலகுவோரின் நிலை முன்பு மிக இரங்கத்தக்கதாயிருந்தது. ஈராண்டு பயின்றவர் வெறுங்கையுடன் சென்றார். 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையை அடுத்து, மானியக் குழு 2022-இல் இளநிலைப் படிப்புக்கு வெளியிட்ட சட்டகத்தின்படி, முதலாண்டின் 40 கிரெடிட்டுக்குச் சான்றிதழும், 80-க்கு டிப்ளமாவும், 120-க்கு மூன்றாண்டுப் பட்டமும் உண்டு. முதலிரண்டு நிலைகளில் விலகுவோர் 4 கிரெடிட் தொழிற்பாடமும் முடிக்க வேண்டும். ஒருங்கிணைந்த படிப்புகள் பலவற்றிலும் இளநிலைப் பட்டத்துடன் வெளியேறும் வழி அமைந்துள்ளது. அவ்வாறு வெளியேறியவர் வேறிடத்தில் முதுநிலை பயிலலாம். எனினும் ஒரு பாடத்துக்கு அஞ்சி இவ்வழியை அவசரமாக நாடுவது நன்றன்று. இரண்டரை ஆண்டு பயின்றவர், இன்னும் ஒரு பருவம் பொறுத்தால் பட்டத்துக்குரியவர் ஆகக்கூடும்.

மாணவர் இச்செய்தியை வீட்டாரிடம் மறைத்து, பழைய பள்ளி ஆசிரியரிடம் முதலில் சொல்வது உலக வழக்கு. அவ்வாசிரியர் கேட்க வேண்டுவன சிலவே: தவறியது எப்பாடம், அது மீண்டும் எப்போது நடக்கும், எப்பாடத்துக்கு அது அடிப்படை. நோயினால் இடர்ப்பட்டவர் தேர்வுக்கு முன்னரே மருத்துவச் சான்றுடன் பருவ விடுப்பு கோரலாம். தேர்வு முடிந்தபின் அக்கோரிக்கை ஏற்கப்படுவது அரிது. மறுபடி பயிலும் பருவத்தின் தொடக்கத்தில் அப்பாடத்துக்கு முறையாகப் பதிவு செய்துகொள்ளவும் வேண்டும். பதிவு செய்யாதவர், வகுப்புகள் அனைத்திலும் அமர்ந்து கேட்டிருந்தாலும் தேர்வு எழுத இயலாது.