சுண்ணாம்பு பட்ட கண்
பார்வை – தொடர் 9

திண்டுக்கல்லில் சுண்ணாம்புக்குப் பஞ்சமே இல்லை. பேகம்பூர் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் தோலிலிருந்து முடியைக் கழற்ற அதைத்தான் தொட்டியில் கரைக்கிறார்கள். கரிக்காலியில் சுண்ணாம்புக் கல் சிமெண்ட் ஆகிறது. வத்தலக்குண்டு வெற்றிலை அது இல்லாமல் சிவக்காது. குழந்தைகள் விஷயத்தில் கண் டாக்டர்கள் பயப்படுவது தொட்டிக்கும் சூளைக்கும் அல்ல, பெட்டிக்கடையில் விற்கிற சின்னஞ்சிறு பிளாஸ்டிக் பாக்கெட்டுக்கு. பிள்ளைகள் அதை விளையாட்டாகப் பிதுக்குவார்கள். வெடித்தால் நேரே கண்ணுக்குத்தான் தெறிக்கும்.

ஆசிட் பட்டால் அந்த இடத்துப் புரதம் உறைந்து, மேற்கொண்டு உள்ளே இறங்குவதை ஓரளவு தடுத்துவிடும். சுண்ணாம்பு அப்படியல்ல. செல்லின் கொழுப்புச் சவ்வையே சோப்பாக்கிக் கரைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இமைக்கு அடியில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாலும் போதும், எரிச்சல் அடங்கிய பிறகும் அது வேலையைக் காட்டும்.

கண்ணாடி முன் நின்று உங்கள் கண்ணை ஒரு முறை உற்றுப் பாருங்கள். கருப்பும் வெள்ளையும் சேருமிடத்தில் மெல்லிய பழுப்பு வளையம் ஒன்று நம்மில் பலருக்குத் தெரியும். லிம்பஸ் என்று டாக்டர்கள் சொல்லும் ஓரம் அதுதான். கருவிழியின் நாற்றங்கால் அங்கேதான் இருக்கிறது. கருவிழியின் மேல்தோல் ஏழு முதல் பத்து நாளுக்குள் தேய்ந்து உதிர்ந்து புதிதாகிவிடும். அதற்கான புதுச் செல்களை ஆயுள் முழுக்க அனுப்பிக்கொண்டிருப்பவை இந்த ஓரத்தில் குடியிருக்கும் ஸ்டெம் செல்கள்.

சுண்ணாம்பு இந்த ஓரத்தைச் சுட்டுவிட்டால் கருவிழிக்குப் புதுத் தோல் வராது. பக்கத்து வெள்ளைப் பகுதியின் சவ்வு, ரத்தக் குழாய்களோடு மேலே படர்ந்து மூடிவிடும். தானமாக வந்த கண்ணிலிருந்து நல்ல கருவிழியை எடுத்து வைத்துத் தைத்தாலும் நிலைக்காது, அதற்கும் மேல்தோல் அனுப்ப ஆளில்லையே! இத்தகைய கண்களைத் தொடவே ஒரு காலத்தில் டாக்டர்கள் தயங்கியதற்குக் காரணம் இதுதான்.

1997-ல் இத்தாலியில் கிராசியெல்லா பெல்லெக்ரினியும் மிக்கேலே டி லூக்காவும் ஒரு வழி கண்டார்கள். நோயாளியின் நல்ல கண் ஓரத்திலிருந்து துளியூண்டு சதையை எடுத்து, ஆய்வகத்தில் செல் விரிப்பாக வளர்த்து, கெட்ட கண்ணில் போர்த்தினார்கள். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை 2001 முதல் இதையே செய்தது. அங்கே செல்களுக்குப் பாயாக விரிக்கப்பட்டது பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடச் சவ்வு. பத்தாண்டு அனுபவத்தை 2011-ல் வெளியிட்டார்கள்: 200 கண்களில் 71 சதவீதம் வெற்றி.

மீதி 29 சதவீதம் ஏன் தோற்றது? இந்த வகைக் கேள்வியை அதற்கு முன்பே ஆராய்ந்தவர்கள் நமக்கு 65 கிலோமீட்டர் தள்ளி, மதுரை அரவிந்த் ஆய்வு மையத்தில் இருந்தார்கள். பேராசிரியர் வி.ஆர். முத்துக்கருப்பன் குழு கேட்டது எளிய கேள்வி: கிண்ணத்தில் வளர்ந்து நிற்பதில் உண்மையான ஸ்டெம் செல் எது? விரிப்பு பார்க்க அழகாக இருக்கும்; ஆனால் சாதாரணச் செல் மட்டும் இருந்தால் சில வாரத்தில் உதிர்ந்துவிடும். பி-63 என்ற புரதத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம் என்று அவர்கள் 2005-ல் எழுதினார்கள். அந்தப் புரதம் நிறைய இருக்க வேண்டும். கூடவே செல் சிறுத்து, அதன் உட்கரு பெருத்திருக்க வேண்டும். ஐந்தாண்டு கழித்து இத்தாலியர்கள் 112 நோயாளிகளின் கணக்கைக் காட்டினார்கள். அந்தப் புரதம் பளிச்சென்று தெரியும் செல்கள் 3 சதவீதத்துக்கு மேல் இருந்த விரிப்புகளில் வெற்றி 78 சதவீதம். அதற்குக் குறைந்தவற்றில் வெறும் 11.

இரண்டு கண்ணும் வெந்துபோனவருக்கு எங்கிருந்து எடுப்பது? கன்னத்தின் உட்புறத் தோலிலிருந்து! மதுரைக் குழு அதையும் வளர்த்து, கண்ணில் வைத்து, 2011-ல் வெளியிட்டது.

இத்தாலியச் செல் விரிப்பு ஹோலோகிளார் என்ற பெயரில் 2015-ல் ஐரோப்பிய அனுமதி பெற்றது. பிரிட்டனில் ஒரு கண்ணுக்கு 80 ஆயிரம் பவுண்டு விலை போட்டார்கள். தோல் ஷாப்புத் தொழிலாளி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியுமா? ஹைதராபாத்தில் விரேந்தர் சங்வான் 2012-ல் ஆய்வகத்தையே ஒதுக்கிவிட்டார். அதே துளிச் சதையை எட்டுப் பத்துத் துண்டாக்கி, பனிக்குடச் சவ்வின்மேல் பசையால் ஒட்டி, கண்ணிலேயே வளரவிட்டார். பலன் ஆய்வக முறைக்குச் சற்றும் குறையவில்லை. இந்தக் கதையில் எனக்கு ஆகப் பிடித்த திருப்பம் இதுதான். ஆனாலும் ஆய்வகம் வீணில்லை. எந்தச் செல் பிழைக்கும் என்று சொல்லிக்கொடுத்தது அதுதானே. ஆய்வக வேலை நிற்கவும் இல்லை: ஜப்பானில் ஒசாகாவின் கோஜி நிஷிடா, பிறர் உடல் செல்லை ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பி, அதிலிருந்து கருவிழித் தோலையே செய்து நான்கு பேருக்கு வைத்த விவரம் 2024-ல் வந்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நெல் உமியோ சோளத் தோகையோ கிழித்துப் புண்ணாகி, ஆறியபின் ‘பூ விழுந்த’ கண்ணுக்கு இந்த ஸ்டெம் செல் உதவாது. அங்கே கெட்டது மேல்தோல் அல்ல, அதன் அடியிலுள்ள தடித்த படலம். சமவெளி விவசாயிகளிடம் அதிகம் காண்பது இந்த வகைதான். அதற்கு இன்னமும் வேண்டியது இறந்தவர் கொடுக்கும் கருவிழி. ‘ஸ்டெம் செல் போட்டால் எல்லாம் சரியாகும்’ என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பிப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

சுண்ணாம்பு கண்ணில் பட்டால் எண்ணெய், தாய்ப்பால், தேன் எதுவும் வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன் குழாயடியில் நிறுத்தி, இமையை விரித்துப் பிடித்து அரை மணி நேரம் தண்ணீர் விடுங்கள். அப்புறம் கிளம்புங்கள், டாக்டர் இமையைப் புரட்டிப் பார்த்துத் துணுக்கை எடுக்கட்டும். வீட்டில் சுண்ணாம்புப் பாக்கெட் இருந்தால் இன்றே பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வீட்டில் யாராவது இறந்தால் ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குச் சொல்லிவிடுங்கள். அதுவரை கண்ணை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தினால் போதும்.