கல்லுக்குள் உறங்கும் கூடுகள்

‘டைனோ’ என்று ஆரம்பித்ததுமே டைனோசர் கதை என்று நினைத்துவிடாதீர்கள் நண்பர்களே! டைனோசரில் வரும் ‘டைனோ’வுக்குக் கிரேக்கத்தில் ‘பயங்கரம்’ என்று பொருள். நான் சொல்ல வரும் டைனோபிளாஜெல்லேட்டில் அதே ஓசைக்குச் ‘சுழல்’ என்று பொருள். தண்ணீரில் பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டே நீந்தும் ஒரு செல் உயிர் இது. கடலிலும், நம்ம பழவேற்காடு ஏரி போன்ற உப்பங்கழிகளிலும் வாழ்வது.

இவற்றில் சில இனங்கள் தம் வாழ்க்கையில் ஒரு கட்டத்தில் கெட்டியான கூடு ஒன்றைக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி உறங்கும். அதுதான் ‘சிஸ்ட்’. காலம் கனிந்ததும் உயிர் வெளியேறிவிடும். காலிக்கூடு சேற்றிலேயே தங்கி, கோடிக்கணக்கான ஆண்டுகளில் பாறையோடு பாறையாகிவிடும். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூட இருக்காது!

முள் பந்தின் மர்மம்

1830களில் ஜெர்மனியின் எரன்பெர்க் சிக்கிமுக்கிக் கல்லின் மெல்லிய சீவல்களில் இவற்றைப் பார்த்தார். முள் முளைத்த பந்து போன்றவை எந்த உயிரைச் சேர்ந்தவை என்பது நெடுநாள் புரியவில்லை. 1961இல் அமெரிக்கர் வில்லியம் எவிட் விடை சொன்னார். கூட்டில் இருக்கும் ஓட்டை தற்செயலாக உடைந்ததல்ல. உயிர் வெளியேறிய வாசல். டைனோபிளாஜெல்லேட்டின் உடல் கவசத்தில் உள்ள தகடுகளின் அமைப்போடு அது அப்படியே பொருந்துகிறது. அந்த வாசலுக்கு ‘ஆர்க்கியோபைல்’ என்று பெயர்.

கல்லிலிருந்து கண்ணாடிக்கு

பாறையை நொறுக்கி, ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் சுண்ணாம்பைக் கரைப்பார்கள். அப்புறம் ஹைட்ரோபுளோரிக் ஆசிட்டில் மணலையும் களிமண்ணையும் கரைப்பார்கள். கூடு மட்டும் கரையாது. மிச்சத்தை நுண்சல்லடையில் சலித்து, ஸ்லைடில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வேலைக்குப் போகப்போகிறவர்கள் ஒன்றை மனசில் வையுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ‘பிக்ளிங்’ செய்வதிலும் இதே ஹைட்ரோபுளோரிக் ஆசிட் உண்டு. நீர்த்த ஆசிட் பட்டால் உடனே வலிக்காமலும் போகலாம். ஆனால் தோலைத் தாண்டி எலும்பு வரை போய்க் கால்சியத்தைப் பிடிக்கும். பட்டவுடன் தண்ணீரில் கழுவி, கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவி, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். “வலிக்கலையே” என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

பெயர் வைப்பது எப்படி?

ஒர்க்‌ஷாப்பில் கேஜ் வைத்து ‘போகும், போகாது’ என்று பிரிக்கிறோமே, அதே வேலைதான்.

முதல் கேள்வி: வாசல் எங்கே? உச்சியிலா, பக்கவாட்டிலா?
இரண்டாவது: முட்கள் தகட்டின் நடுவில் முளைக்கின்றனவா, தகடுகளின் ஓரத்திலா?
மூன்றாவது: இடுப்பைச் சுற்றி ஓடும் பள்ளத்தில் முள் உண்டா?

வாசல் உச்சியில், தகட்டுக்கு ஒன்றாக, நடுவில், குழல் போன்ற முள். இதுவரை இரண்டு பேரினங்கள் ஒத்துப்போகும். இடுப்பிலும் முள் இருந்தால் ஹிஸ்ட்ரிக்கோஸ்பெரிடியம், இல்லாவிட்டால் ஆலிகோஸ்பெரிடியம். ஒரே ஒரு கேள்வியில் பேரினமே மாறிவிடுகிறது பாருங்கள்! ஆகவே ஒரு கூட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. முள் ஒடிந்தும் போயிருக்கலாம். பல கூடுகளை அளந்து பார்த்த பிறகே பெயர்.

‘ஆலிகோஸ்பெரிடியம் காம்ப்ளெக்ஸ்’ என்பதில் ‘காம்ப்ளெக்ஸ்’ 1842இல் ஒயிட் வைத்தது. பேரினப் பெயர் 1966இல் டேவி, வில்லியம்ஸ் தந்தது. இனிஷியல் மாறினாலும் சொந்தப் பெயர் மாறாத மாதிரி!

இதனால் என்ன பயன்?

திருச்சி அருகே டால்மியாபுரம் சுண்ணாம்புக்கல் சுரங்கப் பகுதியின் சாம்பல் நிறக் களிப்பாறையை ஆராய்ந்து, ஜெயினும் டோகுர்டோ-லான்ட்ஸும் 1973இல் இத்தகைய கூடுகளை விவரித்தார்கள். கிரெட்டேசியக் காலக் கடல் அங்கே இருந்ததற்கு அவையும் சாட்சி. எண்ணெய்க் கிணறு தோண்டும்போது பெரிய புதைபடிவம் நொறுங்கிவிடும். இந்தக் குட்டிக்கூடு தப்பிவிடும். பாறையின் வயதை அது சொல்லும். பெயர் தப்பானால் வயதும் தப்பு.

இன்றைய சேற்றிலும் கூடுகள் உறங்குகின்றன. 1981இல் கல்பாக்கம் அருகே வாயலூரில் மட்டி தின்றவர்களில் மூன்று பேர் இறந்தார்கள். அந்த வகை விஷத்தைக் கடலில் உண்டாக்குவது சில டைனோபிளாஜெல்லேட்டுகளே. சேற்றில் எந்த இனத்தின் கூடு கிடக்கிறது என்று தெரிந்தால், அங்கே மட்டி எடுப்பவர்களை முன்கூட்டியே எச்சரிக்கலாம். சரியான பெயர் ஓர் உயிரையும் காக்கும்!