பிடிமண்ணும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பும்

புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்தில் ஐயனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவியெடுப்பு நடத்துவதென்று ஊர் கூடி முடிவெடுத்தால் முதல் வேலை பிடிமண் கொடுப்பது. ஒரு பிடி மண்ணைக் குயவரான வேளார் கையில் கொடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. திருவிழாவுக்குள் ஐயனாருக்குக் குதிரை தயாராகியிருக்க வேண்டும். இன்று சென்னையிலும் கோவையிலும் களிமண்ணைத் தொடப் பணம் கட்டி ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இடம் பிடிக்கிறார்கள். கெடு கிடையாது, சாமி கிடையாது, சக்கரம்கூட வேண்டாம். உருண்டையை விரலால் குழித்தால் ஒரு கிண்ணம். திரிதிரியாக உருட்டி அடுக்கினால் ஒரு குவளை. மனசு லேசாகும் என்பதுதான் அங்கே கிடைக்கும் உறுதி.

லேசாகத்தான் செய்கிறது. அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 39 பேரை 45 நிமிடம் களிமண், வண்ணப் பேனா, காகித ஒட்டு என்று விருப்பம்போல் எதையாவது செய்யவிட்டார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசோல் சுரப்பு குறைந்திருந்தது. முன்அனுபவம் இருந்ததா இல்லையா என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. (கையெல்லாம் சேறாக இருப்பதால் கைபேசியைத் தொட முடியாது, பாதி நிம்மதி அதிலேயே வந்துவிடும் என்பது என் கணக்கு.)

ஐயனார் குதிரையும் பெரும்பாலும் கைவேலைதான். அத்தனை பெரிய உருவத்தைச் சக்கரத்தில் ஏற்றி இறக்க முடியாது. களிமண்ணில் மணலும் உமியும் கலந்து காலால் மிதிப்பார்கள். பொடிக்கல் ஒன்று தட்டுப்பட்டாலும் பொறுக்கி எறிய வேண்டும். உள்ளே கூடான குழாய்களாக நான்கு கால்கள் முதலில் எழும்பும். அவை இறுகிய பிறகே வயிற்றை ஏற்றலாம். ஈரத்தோடு ஏற்றினால் கால் நசுங்கும். நன்றாகக் காயவிட்டு ஏற்றினாலோ புது மண் பழைய மண்ணைப் பிடிக்காது, ஒட்டிய இடத்தில் வாய் பிளக்கும். இடையில் இருக்கும் அந்தப் பதத்தை வெயிலும் காற்றும்தான் தீர்மானிக்கின்றன. அதனால் கொஞ்சம் ஏற்றுவது, காயவிடுவது, மறுபடி ஏற்றுவது என்றே வேலை நகரும். பார்க்கிறவருக்கு அது நிதானம். செய்கிறவருக்கோ வானம் கறுத்தால் வயிற்றைக் கலக்கும்.

பிறகு நெருப்பு. உமி கலந்த மண்ணின் நுண்துளைகள் வழியாக ஆவி வெளியேறும். தடித்த இடத்தில் ஈரம் தங்கியிருந்தால், சூடு 100 டிகிரியைத் தாண்டும்போது ஆவி உடைத்துக்கொண்டுதான் வரும். வறட்டியும் விறகும் வைக்கோலும் மூடிய சூளைக்குள் என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. பல வார உழைப்பு ஓர் இரவில் ஓட்டாஞ்சில்லாகலாம்.

இன்றைய வகுப்பு இந்தத் தொடரின் நடுத்துண்டை மட்டும் நறுக்கி எடுத்துக்கொண்டது. மண் பதமாகப் பிசைந்து பொட்டலத்தில் வந்துவிடுகிறது. முள்கரண்டியால் கீறி, மண்குழம்பு தடவி, திரியோடு திரியை ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். காயவைப்பதும் மின்சூளையில் சுடுவதும் வேறொருவர் பொறுப்பு. விரிசல் விட்டால் அவர்தான் வருத்தத்தோடு தகவல் சொல்வார். அமைதி நமக்கு, பதற்றம் அவருக்கு.

சாதித் தொழிலாக இருந்தது யாரும் கற்கும் கலையானதில் புதுச்சேரிக்குப் பெரிய பங்குண்டு. ஜப்பானில் மட்பாண்டம் பயின்ற டெபோரா ஸ்மித், ரே மீக்கரோடு சேர்ந்து 1971இல் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார். கிட்டத்தட்ட 1300 டிகிரியில் சுடும் கல்மண் பாண்டங்கள் அங்கே உருவாயின. பயின்றவர்கள் நாடெங்கும் போய்ச் சொந்தப் பட்டறை போட்டார்கள். அவர்கள் கற்றது முழுத் தொழில். வாரக்கடைசி வகுப்பு அதற்கு வெகுகாலம் பின்னால் முளைத்த கிளை.

அந்தக் கிளையிலும் ஒரு நல்லது நடந்திருக்கிறது. குயவர் வீடுகளில் பெண்கள் மண் பிசைவார்கள், பானை தட்டுவார்கள், முழுக்கக் கையாலேயே அடுப்பு போடுவார்கள். ஆனால் சக்கரத்தில் உட்காரும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. அடுப்பைக் கலை என்று சொன்னவரும் இல்லை. நான் பார்த்த வகுப்புகளில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்கள் குழித்த கோணல் கிண்ணத்துக்குக் கைதட்டல் கிடைக்கிறது.

ஊர்ப்பக்கம் பல கோயில்களில் குதிரை சிமெண்டுக்கு மாறிவிட்டது. ஒருமுறை கட்டி வண்ணம் அடித்தால் போதும், வேளாரைத் தேடவேண்டியதில்லை. கண்மாய் மண் எடுக்கவே அனுமதிக்கு அலைந்த காலமும் உண்டு. ஏரி, குளங்களில் இலவசமாக மண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று தமிழக அரசு 2024இல்தான் வழிசெய்தது. வில்லியனூர் சுடுமண் கலைஞர் முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. விருது சரி, நகரத்து வகுப்புக் கட்டணத்தில் ஒரு பங்கு வேளார் வீட்டுக்குப் போக வழி உண்டா என்பதே என் கேள்வி. பாடம் எடுக்க அந்த வேளாரையே அழைக்கலாம். முதல் ஒரு மணி நேரம் அவர் எல்லாரையும் மண் மிதிக்க விடுவார். அடுத்த வாரம் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை. வராவிட்டாலும் பரவாயில்லை, அன்றைக்கு ராத்திரி அடித்துப்போட்டதுபோல் தூங்குவார்கள்.