இன்ஜினை மாற்றினீர்கள், டேங்கைப் பார்த்தீர்களா?

கேரளத்தின் இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுகாவில் படகுகள் ஓடும் மாட்டுப்பட்டி அணையின் முழு நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர். குண்டளை அணை அதற்கும் மேலே. இந்த உயரத்தில் காற்று மெல்லியது. டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் தன் சக்தியில் சுமார் 3 சதவீதத்தை இழக்கும் என்பது பொதுவான கணக்கு. அதாவது கொச்சிக் காயலில் 40 குதிரைத்திறனோடு ஓடிய இன்ஜினைத் தேவிகுளம் தாலுகாவுக்குக் கொண்டுவந்தால் 34-க்குப் பக்கத்தில்தான் நிற்கும். ‘போட்டு இழுக்கலை’ என்று படகோட்டி சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய படகு என்றால் முதலாளிக்கு உடனே தோன்றுவது ஒன்றுதான்: இன்ஜினை மாற்றி, கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிடலாம்.

போடலாம், தவறில்லை. ஆனால் தளப்பலகைக்குக் கீழே, யார் கண்ணிலும் படாமல் பத்துப் பதினைந்து வருடமாகக் கிடக்கும் எரிபொருள் டேங்கை யாரும் கேட்பதில்லை. புது இன்ஜின் அதிகம் குடிக்கும் என்பதால் அந்த டேங்கையே வெட்டி, ஒரு துண்டு தகடு வைத்து நீட்டி, புது ஹோஸ் சொருகி, மேலே பலகையை ஆணி அடித்து மூடிவிடுகிறார்கள். படகு நன்றாக ஓடும். எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி.

அலுமினிய டேங்கைச் சுற்றி ஃபோம் நிரப்பியிருப்பார்கள், ஆடாமல் இருக்க. அந்த ஃபோம் ஈரம் குடித்தால் காயவே காயாது. மூணாறு, தேவிகுளம் பக்கத்து மழையையும் மூடுபனியையும் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். காற்றோட்டமில்லாத ஈரத்தில் அலுமினியம் புள்ளி புள்ளியாக அரிக்கும். டேங்கை வெளியே எடுத்து அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்தால் வெள்ளைப் பொடி ஒட்டும்; அந்தப் பொடிக்கு அடியில் ஊசி நுழையும் ஓட்டை இருக்கும். மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் மேல்தகடு பளபளவென்று இருக்கும். அதைப் பார்த்துத்தான் ‘டேங்க் நல்லா இருக்கு’ என்று சான்றிதழ் கொடுக்கிறார்கள்.

பெட்ரோல் படகுகளுக்கு இப்போது இன்னொரு தலைவலியும் சேர்ந்திருக்கிறது. பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். உறிஞ்சுகுழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது. சீசன் முடிந்து பாதி டேங்கோடு கட்டிப்போட்ட படகு, மறுபடி ஓட்டும்போது ஏரி நடுவில் இருமி நிற்பதற்கு இது போதும். பழைய ஃபைபர் டேங்காக இருந்தால் அதன் ரெசினையே எத்தனால் இளக்கிவிடும். எத்தனாலுக்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் ஹோஸ்களும் தாங்காது. எனவே பெட்ரோல் படகில் இன்ஜினை மாற்றும்போது ஹோஸ், கேஸ்கெட், ஃபில்டர் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றத்தான் வேண்டும்.

டீசலுக்குப் போகிறவர்கள், குறிப்பாக லாரி இன்ஜினை வாங்கிப் படகுக்கு ஏற்றபடி மாற்றிப் பொருத்துகிறவர்கள், வேறொரு இடத்தில் வழுக்கி விழுகிறார்கள். புதிய ரக டீசல் இன்ஜின் தான் எரிப்பதைவிடப் பல மடங்கு எரிபொருளை உறிஞ்சி, மிச்சத்தைச் சூடாக டேங்குக்கே திருப்பி அனுப்பும். பழைய டேங்கில் அதற்கான வழியே இருக்காது. இரண்டு டேங்க் உள்ள படகில் இரண்டிலிருந்தும் எடுத்துவிட்டு, திரும்பும் குழாயை ஒன்றில் மட்டும் சொருகினால், அந்த ஒன்று நிரம்பி, காற்றுப்போக்கிக் குழாயான பிரீதர் வழியாக வெளியே வழியும். மாட்டுப்பட்டியில் வழிந்தால் அது முதிரப்புழை ஆற்றுக்குப் போகும் தண்ணீர். ஜிங்க் பூசிய தகட்டில் டீசல் டேங்க் செய்வதும் கூடாது. ஜிங்க் டீசலோடு சேர்ந்து பிசினாகி ஃபில்டரை அடைக்கும். துருப்பிடிக்காது என்று சொல்லிச் சில பட்டறைகள் அதையே சிபாரிசு செய்யும். கேட்காதீர்கள்.

எடையையும் பாருங்கள். 200 லிட்டர் டீசல் என்பது சுமார் 165 கிலோ, ஏறக்குறைய இரண்டரை ஆள். அரை டேங்க் இருக்கும்போது படகு ஒரு பக்கம் சாய்ந்தால் எரிபொருளும் அந்தப் பக்கமே ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். அதனால்தான் ஒழுங்காகச் செய்த டேங்கின் உள்ளே குறுக்குத் தடுப்புத் தகடுகள் இருக்கும். பட்டறையில் நீட்டிய துண்டில் பெரும்பாலும் இருக்காது. சாய்வு என்ன செய்யும் என்று இடுக்கி மாவட்டத்துக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு சாய்ந்து கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டுச் சுற்றுலாப் பயணிகளும் அதில் இருந்தார்கள். அதற்கு டேங்க் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஏரிப் படகின் நிலைப்புக்குள்ள இடைவெளி எவ்வளவு குறுகியது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இனி, ஆளைக் கொல்லும் இடம். டேங்கை வெட்டுவதும் வெல்டிங் வைப்பதும்.

டேங்க் காலியாக இருக்கிறது என்பார்கள். பெட்ரோல் திரவம் எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. காலி டேங்கில் இருப்பது முழுக்க ஆவி. காற்றில் 1.4 சதவீதம் அளவுக்கு அந்த ஆவி கலந்திருந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். இந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால் தானாக மேலெழுந்து போகாது. படகின் அடிப்பகுதியில், பில்ஜ் தண்ணீர் தேங்கும் அதே பள்ளத்தில் படுத்துக்கொள்ளும். இரண்டு நாள் மூடியைத் திறந்துவைத்தேன், தண்ணீர் ஊற்றிக் கழுவினேன் என்ற சமாதானங்கள் போதாது. ஆவி அளக்கும் கருவியை உள்ளே விட்டுப் பார்த்து, ஆவி இல்லை என்று உறுதியான பிறகே தீயை அருகில் கொண்டுவர வேண்டும். டீசல் டேங்குக்கும் இதே விதிதான். வெல்டிங் சூட்டில் டீசல் கசடும் ஆவியாகும். எரிபொருள் இருந்த கலத்தில் ஆவியை நீக்காமல் சூட்டு வேலை செய்யக்கூடாது என்பதை நாட்டின் பெட்ரோலிய விதிகளே சொல்கின்றன. பட்டறையில் வேலைசெய்யும் பையனுக்கு ‘முதலாளி, டெஸ்ட் பண்ணாம நான் வைக்க மாட்டேன்’ என்று சொல்ல முழு உரிமை உண்டு. வேலையில் காயமோ மரணமோ நேர்ந்தால் சட்டப்படி இழப்பீடு கேட்கலாம். சம்பளச் சீட்டு இல்லை என்பதற்காக உரிமை போய்விடாது. வேலை செய்ததற்கு வேறு சாட்சியம் காட்டலாம்.

என் கருத்து, பழைய டேங்கை நீட்டுவதே வேண்டாம். எடுத்து எறிந்துவிட்டுப் புதிது செய்யுங்கள். ஒரு புது டேங்கின் விலை, புது இன்ஜின் விலையில் சின்னப் பங்குதான். செய்தவரிடம் காற்றழுத்தச் சோதனை கேளுங்கள்: 3 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்றை அடைத்து, வெல்டிங் இணைப்புகளில் சோப்பு நுரை பூசிப் பார்த்தால் கசிவு குமிழாகத் தெரிந்துவிடும். டேங்க் படகுக்குள் இறங்கும் முன்பே இந்தச் சோதனை முடிய வேண்டும். மேலே தளத்தில் கழற்றக்கூடிய ஒரு சதுர மூடி வையுங்கள், டேங்கின் இணைப்புகள் எல்லாம் அதன் நேர் கீழே இருக்கட்டும். அடுத்த பத்து வருடம் உங்களைக் காப்பாற்றப் போவது அந்த மூடிதான். எரிபொருள் ஊற்றும் ஹோஸுக்கு ஒவ்வொரு முனையிலும் இரண்டு கிளிப். பிரீதர் படகுக்கு வெளியே, தண்ணீர் ஏறாத உயரத்தில் திறக்க வேண்டும். மூடிய அறைக்குள் பெட்ரோல் இன்ஜின் வைத்தால் பொறி வெளியே வராத படகுக்கான ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும்தான் வேண்டும். கார் கடையில் கிடைப்பது ஆகாது. அமெரிக்காவில் இத்தகைய படகுகளில், ஸ்டார்ட் செய்யும் முன் நான்கு நிமிடம் ஊதுவிசிறியை ஓட்டச் சொல்லும் எச்சரிக்கைச் சீட்டு சட்டப்படி கட்டாயம். படகை ஓட்டும் நம்மூர் ஸ்ராங்குக்கும் அந்த நான்கு நிமிடம் தர வேண்டும், டிக்கெட் வரிசை நீண்டாலும்.

வேலை முடிந்ததும் காகிதத்துக்கு வருவோம். இதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருப்பது 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம். இயந்திரப் படகுக்குப் பதிவும், செல்லுபடியாகும் ஆய்வுச் சான்றிதழும், காப்பீடும் கட்டாயம். படகின் வலிமை, நிலைப்பு, பாதுகாப்பு ஆகியவற்றைப் பாதிக்கும் மாற்றத்தை அதிகாரியின் முன் அனுமதியில்லாமல் செய்யக்கூடாது. பெரிய இன்ஜினும் நீண்ட டேங்கும் இந்த மூன்றையும் தொடும். கேரளத்தில் இதைக் கவனிப்பது கேரள கடல்சார் வாரியம். வேலையைத் தொடங்கும் முன் வரைபடத்தோடு மனு கொடுங்கள். முடித்தபின் ஆய்வாளரை வரவழைத்து, டேங்கின் மேல் பலகை மூடும் முன்பே காட்டிவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் சொல்லி ஒப்புகை வாங்குங்கள். சொல்லாமல் செய்த மாற்றம், விபத்து நடந்தால் இழப்பீட்டை மறுக்க நிறுவனத்துக்குக் கிடைக்கும் முதல் காரணம்.

மாற்றிய படகும் மறைத்த காகிதமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தானூரைப் பார்க்கலாம். 2023 மே 7 இரவு, மலப்புறம் மாவட்டம் தானூரில் பூரப்புழை கடலில் சேரும் இடத்தருகே ‘அட்லாண்டிக்’ என்ற உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்; அவர்களில் குழந்தைகளும் உண்டு. மீன்பிடிப் படகாகப் பிறந்து உல்லாசப் படகாக உருமாற்றப்பட்டது அது. அனுமதித்ததைவிட அதிகம் பேரை ஏற்றியிருந்தது. உரிமையாளர் கைதானார், நீதி விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது, உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்தது. இன்ஜின் மாற்றம் என்றால் 2024 டிசம்பர் 18 மும்பைத் துறைமுகம் நினைவுக்கு வரும். இன்ஜின் சோதனை ஓட்டத்தில் இருந்த கடற்படை விரைவுப் படகு கட்டுப்பாட்டை இழந்து ‘நீல்கமல்’ பயணிகள் படகில் மோதி 15 பேர் இறந்தார்கள். இன்ஜின் கோளாறு என்று கடற்படையே அறிவித்தது. கடற்படைக்கே அப்படி என்றால், புது இன்ஜினின் முதல் ஓட்டத்தில் ஒரு பயணியையும் ஏற்றக்கூடாது, மற்றப் படகுகள் உலவும் நேரத்தில் ஓட்டவும் கூடாது.

சரி, பட்டறை ஏமாற்றிவிட்டால்? நீட்டிய இணைப்பு மூன்றே மாதத்தில் கசிந்தால் அது சேவைக் குறைபாடு. பிழைப்புக்காகத் தானே ஓட்டும் சிறு படகுக்காரரையும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது. ஆள் வைத்துப் பல படகுகளைத் தொழிலாக நடத்துகிறவருக்கு அந்த வாசல் பெரும்பாலும் மூடியிருக்கும், அவர் சிவில் வழக்குக்குப் போக வேண்டும். சிறு படகுக்காரர் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். பட்டறைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம் என்பது முக்கியம்: படகு மாட்டுப்பட்டியில், பட்டறை உடுமலையில், வீடு தேனியில் என்றால் தேனியிலேயே வழக்கு. உதவி எண் 1915. இவை எல்லாவற்றுக்கும் ஒரு ரசீது தேவை. ‘பில் போட்டா ஜி.எஸ்.டி. ஏறும்ணே’ என்ற சலுகைக்கு மயங்கினால் இந்த உரிமைகள் காற்றில் போகும்.

பயணிக்கும் கேள்வி கேட்க உரிமை உண்டு. பொதுத்துறை அமைப்பு நடத்தும் படகு என்றால், அதன் பதிவு, கடைசி ஆய்வு, இன்ஜின் மாற்றத்துக்கு வாங்கிய அனுமதி ஆகியவற்றின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளில் இருக்கும் நம்மவர்கள் பலர் மலையாளம் எழுத வராது என்று தயங்குகிறார்கள். கேரளத்தின் ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழர்கள் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுத இடம் தருகிறது. தேவிகுளம் சப் கலெக்டர் அலுவலகத்துக்கு ஒரு புகாரைத் தமிழில் கொடுத்து ஒப்புகை வாங்க எவரும் கூச வேண்டியதில்லை.

டேங்கே வேண்டாம் என்ற வழியும் இருக்கிறது. வைக்கம்–தவணக்கடவு இடையே 2017 முதல் ‘ஆதித்யா’ என்ற சூரியசக்திப் பயணிகள் படகு ஓடுகிறது. கொச்சி நீர் மெட்ரோவில் 2023 முதல் மின்கலப் படகுகள் ஓடுகின்றன. குறுகிய சுற்று மட்டுமே போகும் அணைப் படகுகளுக்கு, பழைய டீசலைக் கழற்றும்போதே இதை ஒரு முறை விலை கேட்டுப் பார்க்கலாம். பேட்டரியின் எடையும் தீ ஆபத்தும் தனிக் கணக்கு, அதற்கும் அனுமதி வேண்டும். ஆனால் கரைக்கு வரும் யானைக் கூட்டம் இன்ஜின் சத்தத்தில் மிரளாது.

அதுவரை ஒன்று செய்யுங்கள். ஏறும் முன் எத்தனை பேர் ஏறலாம் என்ற பலகையைத் தேடுங்கள், லைஃப் ஜாக்கெட்டைக் கொக்கி மாட்டி அணியுங்கள். உட்கார்ந்ததும் பெட்ரோல் வாடை அடித்தால் ஸ்ராங்கிடம் சொல்லிவிட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்குள் குழந்தைகளோடு இறங்கிவிடுங்கள். டிக்கெட் பணத்தை அப்புறம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.