வெயிலுக்கு எந்தத் திரை?

கைக்குள் ஒரு களம் – 6

கண்டமனூர், கடமலைக்குண்டு தாண்டி மயிலாடும்பாறைக்குப் போகும் வழியெங்கும் இலவ மரங்கள். கோடை நெருங்கும்போது இலையெல்லாம் உதிர்த்துவிட்டுக் காயோடு நிற்கும். மரம் இருக்கும், நிழல் இருக்காது. கையடக்க கேம் கருவி வாங்க நினைக்கும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள், திரையைப் பற்றி யோசிக்கும்போது முதலில் நினைக்க வேண்டியது இந்த வெயிலைத்தான். ஏசி போட்ட கடைக்குள் எல்லாத் திரையும் அழகாகத்தான் தெரியும்.

போன வாரம் பேட்டரியைப் பார்த்தோம். அந்த பேட்டரியைக் குடிப்பதில் திரைக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் இரண்டையும் பிரித்துப் பேச முடியாது.

திருவிழாக் கடைகளில் தொங்கிய பிரிக் கேமை முப்பது வயது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. மேலே விழும் வெளிச்சத்தைப் பின்னாலுள்ள தகடு திருப்பியனுப்பும், நடுவில் கட்டங்கள் கறுப்பாகத் தெரியும். அதனால் உச்சி வெயிலில்தான் அது மிகத் தெளிவாக இருந்தது. இருட்டினால் தெருவிளக்கைத் தேடி ஓட வேண்டும். பென்சில் செல் இரண்டைப் போட்டால் வாரக்கணக்கில் ஓடும்.

1989இல் வந்த நின்டெண்டோவின் கேம் பாயும் இதே வகைதான். 160க்கு 144 புள்ளிகள், பச்சை கலந்த சாம்பல் நிறம், பின்விளக்கு இல்லை. அதை உருவாக்கிய குழுவை நடத்திய கும்பேய் யோகோய் வேண்டுமென்றே எளிய திரையைத் தேர்ந்தெடுத்தார். அடுத்த ஆண்டே சேகா நிறுவனம் வண்ணத் திரையும் பின்விளக்கும் வைத்து கேம் கியரை இறக்கியது. பார்க்க அழகு. ஆனால் ஆறு செல் போட்டாலும் மூன்று முதல் ஐந்து மணி நேரம்தான். கேம் பாய் நான்கு செல்லில் பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கியது. கேம் கியர் ஏறத்தாழ ஒரு கோடி விற்றது. கேம் பாய் வரிசையோ, பின்னால் வந்த வண்ணத் திரை மாடலையும் சேர்த்து, 11 கோடியைத் தாண்டியது. மங்கலான திரைதான் ஜெயித்தது. இந்த வரலாற்றை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்.

இன்றைய போட்டி எல்.சி.டி.க்கும் ஓ.எல்.இ.டி.க்கும். எல்.சி.டி.யில் பின்விளக்கு எப்போதும் எரியும். கறுப்புக் காட்சியிலும் கொஞ்சம் ஒளி கசியும், அதனால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். ஓ.எல்.இ.டி.யில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணையும். அணைந்தால் அசல் கறுப்பு. இரவில், விளக்கை அணைத்துவிட்டு ஆடுபவருக்கு அதற்கு இணையில்லை. ஆனால் தயாரிப்பாளர்களே ஒரு முடிவில் நிற்கவில்லை. சோனியின் பிஎஸ் வீட்டா 2011இல் ஓ.எல்.இ.டி.யோடு வந்தது, 2013 மாடலில் எல்.சி.டி.க்கு மாறியது. நின்டெண்டோ ஸ்விட்ச் 2021இல் ஓ.எல்.இ.டி. கண்டது, 2025இல் ஸ்விட்ச் 2 மறுபடி எல்.சி.டி.யாக வந்தது.

வெயிலில் நடப்பது வேறு கணக்கு. திரையின் வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். 2023இல் இந்தியாவில் 69,990 ரூபாய்க்கு வந்த அசுஸ் ராக் அலை என்ற கையடக்கக் கருவியின் எல்.சி.டி. திரை 500 நிட்ஸ். பகல் வானமோ பல ஆயிரம் நிட்ஸ். பளபளக்கும் கண்ணாடி அதில் நூற்றில் நான்கு பங்கைத் திருப்பியனுப்பினாலே திரையின் வெளிச்சத்தோடு மோதும் அளவுக்கு வந்துவிடும். விளையாட்டுக்குப் பதில் உங்கள் முகமும் சட்டையும்தான் தெரியும். ஓ.எல்.இ.டி.யின் அந்த அசல் கறுப்பும் இந்தப் பிரதிபலிப்பில் கரைந்துபோகும். அதற்காகக் கொடுத்த கூடுதல் பணம் பகலில் வீண்.

இன்னொன்று, தழும்பு. விளையாட்டில் ஸ்கோரும் வரைபடமும் ஒரே மூலையில் மணிக்கணக்கில் நிற்கும். ஓ.எல்.இ.டி.யில் அந்தப் புள்ளிகள் மட்டும் சீக்கிரம் தேய்ந்து அதன் நிழல் திரையில் நிரந்தரமாகத் தங்கலாம். வெளிச்சத்தை முழுக்க ஏற்றுவதும் சூடும் இதை வேகப்படுத்தும். வெயிலில் ஆடுபவர் இரண்டையும் செய்கிறார்.

ஆகவே என் முடிவு இது. ராத்திரி வீட்டுக்குள் மட்டும் ஆடுபவர் ஓ.எல்.இ.டி. வாங்கட்டும். பஸ் ஜன்னலோரத்திலும் தோட்டத்து வரப்பிலும் ஆடுபவருக்கு 500 நிட்ஸுக்குக் குறையாத, பளபளப்பு குறைத்த கண்ணாடி போட்ட ஐ.பி.எஸ். எல்.சி.டி.தான் சரி. ஐ.பி.எஸ். என்றால் சாய்த்துப் பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது.

பணம் கொடுப்பதற்கு முன் கருவியைக் கடை வாசலுக்கு எடுத்து வாருங்கள். வானம் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். குகையோ இரவோ வரும் இருட்டுக் காட்சி ஒன்றை ஓடவிட்டுப் பாருங்கள். வாசலுக்கு எடுத்துவர விடாத கடையில் வாங்காதீர்கள்.

(அடுத்த வாரம்: பொத்தான்கள்)