பழைய எழுத்துருவும் புதிய கணினியும்

ஏட்டைப் பெற்றிருத்தல் வேறு, அதனைப் படிக்க வல்லராதல் வேறு. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1881ஆம் ஆண்டில் வீரசோழியத்தையும் 1887ஆம் ஆண்டில் கலித்தொகையையும் அச்சேற்றிய காலத்தில், ஏடு தேடிய துன்பத்துக்கு ஏடு படித்த துன்பம் சிறிதும் குறைந்ததன்று. ஓலையிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேற்றுமை காட்டப்படுவதில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவினவாய் நிற்கும். இவற்றையெல்லாம் படிப்பவர் தம் மொழியறிவினாலேயே பிரித்தறிதல் வேண்டும். நூறாண்டும் இருநூறாண்டும் கிடந்த ஓலைக்கு அவ்வுழைப்பு வேண்டியிருந்தது வியப்பன்று. இருபது ஆண்டு மாத்திரமே சென்ற கணினிக் கோப்புக்கும் அதே உழைப்பு வேண்டியிருத்தலே ஈண்டு யான் எடுத்துரைக்கப் புகுந்த பொருள்.

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் உள்ள எமது உடையார்கட்டில் வாழும் மூதாட்டி ஒருவர், சில காலத்துக்கு முன்னர் இறுவட்டு ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். அவர்தம் கணவர் 2005ஆம் ஆண்டில் இறைவனடி சேர்ந்தபோது முப்பத்தோராம் நாளில் வெளியிட்ட கல்வெட்டு அதில் இருந்தது. கிளிநொச்சியில் அக்காலத்தில் இயங்கிய அச்சகம் ஒன்று அதனை அச்சிட்டுக் கொடுத்து, கோப்பையும் வட்டிலே பதிந்து கொடுத்திருந்தது. அச்சிட்ட படிகள் யாவும் 2009ஆம் ஆண்டு இடப்பெயர்வில் அழிந்துபோயின. காணி உறுதியோடு ஒரே பையில் கிடந்தமையால் வட்டு மாத்திரம் தப்பியது. கல்வெட்டு என்றால் நம்மவர்க்கு வெறும் இரங்கற்பா அன்று. அதிலே வமிசாவளி இருக்கும். இன்னார் மகள் இன்னார்க்கு வாழ்க்கைப்பட்டார் என்பதை எழுதி வைத்த வேறு தாள் பல குடும்பங்களிடம் இன்று இல்லை.

வட்டைக் கணினியில் இட்டபோது கோப்புகள் இரண்டு தோன்றின. முதற் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே நிரல்நிரலாய் நின்றன. மூதாட்டியார் அதைக் கண்டு, கல்வெட்டு அழிந்துவிட்டது என்றே எண்ணினார். அழியவில்லை. அது பாமினி எழுத்துருவில் அமைந்த தமிழ்.

கணினி எழுத்தை எழுத்தாக வைத்திருப்பதில்லை, ஓர் எண்ணாகவே வைத்திருக்கிறது. அவ்வெண்ணுக்கு எவ்வடிவத்தை வரைவது என்று கூறுவது எழுத்துரு. பாமினி முதலிய பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றின்மேல் தமிழ் வடிவங்களை வரைந்தன. எனவே, ‘தமிழ்’ என்னும் சொல் கணினியின் உள்ளே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே உறைகின்றது. எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லையேல் உளறல்.

இதனை இன்று குறை கூறுவது எளிது. ஆயினும், தமிழை அறியாத ஆங்கில மென்பொருளைத் தமிழுக்கு வேலை செய்ய வைத்த சூழ்ச்சி அது என்பதை மறத்தலாகாது. 1985ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த பேஜ்மேக்கர் என்னும் பக்க அமைப்பு மென்பொருள், தான் தமிழை அடுக்குகிறது என்பதை அறியாமலே நம் அச்சகங்களில் திருவிழா மலர்களையும் பள்ளி மலர்களையும் திருமண அழைப்பிதழ்களையும் அடுக்கித் தந்தது. யூனிகோட் 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்குத் தனி எண்களை வகுத்தது. விண்டோஸ் தமிழை அம்முறையில் ஏற்றதோ 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான். 2001இல் வந்த பேஜ்மேக்கரின் ஏழாம் பதிப்பு, அதுவே இறுதிப் பதிப்புமாகும், யூனிகோட்டை ஏற்கவேயில்லை. ஆதலின் அச்சகத்தார் பாமினியோடு நின்றனர். பிழைப்புக்குரிய கருவியை எவர்தாம் எளிதில் கைவிடுவர்?

முதற் கோப்பில் உரைநடையும் பாக்களும் இருந்தன. பாமினியைக் கணினியில் நிறுவியதும் அவை தமிழாய்த் தெரிந்தன. எனினும் கைத்தொலைபேசியில் அனுப்பவும் தேடவும் வேண்டுமாயின் யூனிகோட்டுக்கு மாற்றியே ஆகவேண்டும். பொங்குதமிழ் முதலிய மாற்றிகள் இதற்கென உள்ளன. மாற்றம் என்பது எண்ணுக்கு எண் வைத்து முடிந்துவிடும் காரியமெனப் பலர் கருதுகின்றனர். அங்கேதான் இடர் தொடங்குகின்றது.

பாமினியில் நாம் கையால் எழுதும் ஒழுங்கிலேயே எழுத்துகள் நிற்கும். ‘கொ’ என்பதற்கு முதலில் கொம்பு, அடுத்துக் ககரம், பின்னர்க் கால் என மூன்று குறிகள். யூனிகோட்டில் ககரம் முன்னும் ஒகரக் குறி பின்னுமாக இரண்டே. மாற்றி இம்மூன்றையும் ஒரு தொகுதியாக முதலிலேயே கண்டுகொள்ளாவிடின், கொம்பு ஓரிடமும் கால் ஓரிடமுமாய்ச் சிதறிப்போம். இதனினும் நுண்ணிய சிக்கல் ஒளகாரத்தில் உள்ளது. பாமினியில் ஒளகார உயிர்மெய்யின் ஈற்றுக் குறிக்கும் ளகரத்துக்கும் ஒரே எண். ‘கௌரி’ என்னும் பெயரை மாற்றி ‘கெளரி’ எனக் கெடுத்துவிட்டால், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால், தேடும்போது பெயர் அகப்படாது. சரி, கொம்பும் ககரமும் ளகரமும் வருமிடமெல்லாம் ‘கௌ’ என்றே கொள்க என விதித்தால், எங்கள் குளத்துக் கெளிறு கெட்டுப்போகிறது! இவ்வாறு பின்வரும் குறியை நோக்காது விதிக்கும் விதியால் கௌரியையும் கெளிற்றையும் ஒருங்கே காக்க இயலாது. ஓலை படித்தோர் காலையும் ரகரத்தையும் பிரித்தறிந்தவாறே, தமிழறிந்த ஒருவர் வரிவரியாய் ஒப்புநோக்கல் வேண்டும்.

தமிழுக்கிடையே வரும் ஆங்கிலமும் இவ்வாறே. கல்வெட்டில் உறவினர் ஒருவரின் பெயருக்குப் பின்னே ஆங்கிலத்தில் இருந்த பி.ஏ. பட்டம், மாற்றியின் வழியே வெளிவந்தபோது ‘டீ.யு.’ என மாறி நின்றது. பள்ளியிற் கற்பித்துக்கொண்டே வெளிவாரியாகப் பல்லாண்டு படித்து அப்பட்டத்தைப் பெற்ற எனக்கு அதனைக் கண்டு சிரிப்பும் வந்தது, சிறிது வருத்தமும் வந்தது.

இரண்டாம் கோப்பு பேஜ்மேக்கருக்குரியது. வமிசாவளி கோடும் கிளையுமாக அதிலேதான் வரையப்பட்டிருந்தது. பேஜ்மேக்கரை 1994 முதல் தன்னுடையதாக்கிக்கொண்ட அடோபி நிறுவனத்தின் இன்டிசைன், 2012ஆம் ஆண்டின் ஆறாம் படைப்புத் தொகுதி வரை இத்தகைய கோப்புகளைத் திறந்தது. பின்வந்த பதிப்புகள் திறப்பதில்லை. எனவே கோப்பைப் புதிய மென்பொருளுக்குக் கொண்டுவருவதை விடுத்து, பழைய மென்பொருளுக்குரிய உலகத்தையே புதிய கணினிக்குள் அமைத்தேன். வேர்ச்சுவல்பொக்ஸ் என்னும் மென்பொருள் கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதாகப் பாவனை செய்யும். அதனுள் விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவி, அதன்மேல் பேஜ்மேக்கரையும் பாமினியையும் நிறுவினால், அவை தாம் 2001ஆம் ஆண்டிலேயே இருப்பதாகக் கருதித் தம் தொழிலைச் செய்கின்றன. எக்ஸ்பிக்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் 2014ஆம் ஆண்டிலே நின்றுபோயின. ஆதலால் அவ்வுட்கணினியை இணையத்தோடு தொடுத்தலாகாது. டொஸ் காலத்து மென்பொருளாயின், 2002 முதல் வழங்கிவரும் டொஸ்பொக்ஸ் இதே பாவனையை இன்னும் எளிதாய்ச் செய்யும்.

இங்கே ஒன்றை வற்புறுத்த விரும்புகின்றேன். யூனிகோட்டுக்கு மாற்றியாயிற்று, இனிப் பழையது எதற்கு என்று பாமினியையும் பேஜ்மேக்கரையும் நீக்கிவிடுவோர் பலர். மாற்றிய பாடத்தில் ஐயம் எழுந்தால் ஒப்புநோக்குவதற்கு மூலம் வேண்டாமா? அன்றியும், பாமினியில் பழகிய விரல்கள் புதிது கற்க வேண்டுவதுமில்லை. அதே விசை ஒழுங்கில் தட்டினால் யூனிகோட்டை எழுதும் எ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் என்பன உள்ளன.

மூன்றாம் நாள் இரவு பக்கங்கள் திறந்தன. வமிசாவளி ஐந்து தலைமுறையோடு முழுதாய் இருந்தது. முதற் பக்கத்துப் படம் மாத்திரம் மங்கித் தோன்றியது. பேஜ்மேக்கர் பெரிய படங்களைத் தன் கோப்பில் வையாது, அவை இருக்குமிடத்தை மாத்திரம் குறித்துக்கொண்டு, திரைக்கெனச் சிறு நிழலுரு ஒன்றை வைத்திருப்பதுண்டு. அச்சகத்தார் படக்கோப்பை வட்டிற் பதியவில்லை. மூலம் அச்சகக் கணினியோடு போயிற்று. அதனை எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது என்பதை மூதாட்டியார்க்கு எடுத்துரைத்தேன். அவர் அம்மங்கலுருவை நெடுநேரம் நோக்கியிருந்து, அதனையே அச்சிடுமாறு கூறினார்.

அவ்வுட்கணினி இன்றும் என்னிடம் ஒற்றைக் கோப்பாய் இருக்கின்றது. பென்டிரைவ் ஒன்றில் அடங்கும். பழைய வட்டு வைத்திருக்கும் அன்பர்கள் அதனை வேறோரிடத்தில் முதலிற் படியெடுத்துவிட்டு, எவ்வெழுத்துருவில் தட்டப்பட்டது என்பதை அச்சகத்தார் எவரேனும் உயிரோடிருக்கும்போதே கேட்டு, வட்டின் உறையில் எழுதிக் கொண்டுவருக. பாமினி அன்றி வேறு எழுத்துருவாயின், அவ்வெழுத்துருக் கோப்பையும் தேடி எடுத்து வருதல் வேண்டும்.